சுகர் மாத்திரை போட்டால் குமட்டுகிறதா? நிறுத்துவதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்

சுகர் மாத்திரை ஆரம்பித்த புதிதில் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நாலு நாள் ஒழுங்காகப் போடுவார்கள். காலையில் வயிற்றைப் பிரட்டும், வாயில் ஏதோ இரும்புச் சுவை தட்டும், சாப்பாட்டைப் பார்த்தாலே ஓங்கரிப்பு வரும். அப்புறம் மாத்திரை அலமாரியிலேயே தங்கிவிடும். அடுத்த மாதம் டாக்டர் "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "போடுறேன் சார்" என்று பதில் வரும், ஆனால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இறங்கியிருக்காது, அவரும் இந்த மாத்திரை போதவில்லை போல என்று நினைத்து இன்னொன்றைச் சேர்த்து எழுதுவார். போடாத மாத்திரைக்கு மேல் ஒரு புது மாத்திரை.

அதனால் குமட்டல் வந்தால் மறைக்காதீர்கள், சொல்லாமல் நிறுத்தவும் செய்யாதீர்கள். பெரும்பாலான குமட்டல் மருந்தின் அளவை ஏற்றும் வேகத்தையும், போடும் நேரத்தையும், சாப்பாட்டையும் கொஞ்சம் மாற்றினால் அடங்கக்கூடியது. சில குமட்டல் மட்டும் வேறு ரகம், அதற்கு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். எது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. அளவைக் கூட்டுவது, குறைப்பது, மருந்தை மாற்றுவது எல்லாம் டாக்டரின் வேலை. அவரிடம் போய் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது நம் வேலை.

முதல் வேலை: என்ன மருந்து என்று தெரிந்துகொள்வது

"வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று" என்பது போதாது. மாத்திரை அட்டையைத் திருப்பினால் பின்னால் சின்ன எழுத்தில் மருந்தின் உண்மையான பெயர் இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். நம் ஊரில் எழுதப்படும் மாத்திரைகளில் நிறைய கூட்டு மாத்திரைகள், ஒன்றுக்குள் இரண்டு மூன்று மருந்து இருக்கும். கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் இரண்டும் சேர்ந்தது மிகச் சாதாரணம். அதோடு வோக்ளிபோஸும் சேர்ந்த மூன்று மருந்து மாத்திரையும் உண்டு. ஒவ்வொன்றும் வயிற்றை வேறு மாதிரித் தொந்தரவு செய்யும் என்பதால், பெயர் தெரியாமல் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், குமட்டலுக்குப் பெயர் போனவை இரண்டு: மெட்ஃபார்மின், அப்புறம் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் மாதிரி வேலை செய்யும் மருந்துகள். இவை பெரும்பாலும் ஊசிதான், கீழே வெறுமனே "ஊசி" என்று சொல்வது இவற்றைத்தான், இன்சுலினை அல்ல. இந்த இரண்டாவது வகையில்தான் செமாக்ளுடைடு, லிராக்ளுடைடு, டுலாக்ளுடைடு எல்லாம் வருகின்றன. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மௌஞ்சாரோ, அதாவது டிர்செபடைடு, ஜிஎல்பி-1 உடன் இன்னொரு ஹார்மோனின் வேலையையும் செய்வது. குமட்டல் விஷயத்தில் இதே கூட்டம்தான். சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், டெனிலிக்ளிப்டின் போன்ற "கிளிப்டின்"கள் பொதுவாக வயிற்றுக்குச் சாதுவானவை. வோக்ளிபோஸ், அகார்போஸ் குமட்டலைவிட வாயுவையும் வயிற்று உப்புசத்தையும்தான் அதிகம் தரும். கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போட்டுக் குமட்டினால் முதலில் சர்க்கரை இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற "ஃப்ளோசின்"கள் போடுபவருக்கு வாந்தி வந்தால் அதைச் சாதாரணமாக விடவே கூடாது. அது கீழே தனியாக வருகிறது.

இரண்டாவது வேலை: ஒரு வாரம் எழுதி வைப்பது

பழைய டைரி ஒன்று போதும். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பாடு, குமட்டல் வந்த நேரம், முடிந்தால் அப்போது குளுக்கோமீட்டரில் வந்த எண். இதை ஒரு வாரம் செய்தால் ஒரு ஒழுங்கு தென்படும். மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்தால் அந்த மாத்திரை மேல் சந்தேகப்படலாம். ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதிகமாக இருந்து பிறகு குறைந்தால் ஊசிதான். வியர்வை, கை நடுக்கம், படபடப்போடு வந்தால் லோ சுகர். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து, மத்தியானம் சாப்பிட்டதே ராத்திரி அப்படியே வாந்தியாக வந்தால் வயிறு காலியாவதில் கோளாறு. நீண்ட காலம் சர்க்கரை இருப்பவர்களுக்கு வயிற்று நரம்பு பாதிக்கப்பட்டு இப்படி ஆவதுண்டு.

இன்னொன்றையும் அதே டைரியில் எழுதுங்கள், இதை யாரும் டாக்டரிடம் சொல்வதே இல்லை: வெறும் வயிற்றில் குடிக்கும் பாகற்காய்ச் சாறு, ஊறவைத்த வெந்தயம், ஆவாரம்பூ கஷாயம், சிறுகுறிஞ்சான் பொடி. வெந்தயம் அளவு கூடினால் அதுவே வயிற்றைக் கலக்கும். பாகற்காய்ச் சாறு வெறும் வயிற்றில் நல்ல ஆளுக்கே குமட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று ஆரம்பித்த பொடியும் டாக்டர் எழுதிய மாத்திரையும் ஒரே வாரத்தில் உள்ளே போனால் பழி மாத்திரை மேல் மட்டும் விழுகிறது. அதே போல இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக் ஏதாவது புதிதாகச் சேர்ந்ததா என்றும் பாருங்கள்.

மெட்ஃபார்மின் என்றால்

அதிகம் பேர் போடுவது இதுதான். கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சுகர் மாத்திரைகளிலும் இது உண்டு. 1957-இல் பிரான்சில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளியான காலத்திலிருந்து வயிற்றுத் தொந்தரவும் கூடவே வருகிறது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஆரம்பத்தில் குமட்டலோ, பேதியோ, வாயில் உலோகச் சுவையோ வரும். குடல் சுவரில் இந்த மருந்து ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகச் சேர்கிறது, அங்கே செரோடோனின், பித்த உப்பு இவற்றின் போக்கை மாற்றுகிறது என்பது ஒரு விளக்கம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் வழி வேண்டும்.

வழி மூன்று.

ஒன்று, சாப்பாட்டோடு போடுவது. "சாப்பிட்ட பிறகு" என்றால் பலர் சாப்பிட்டுக் கை கழுவி, டிவி பார்த்து, ஒரு மணி நேரம் கழித்துப் போடுகிறார்கள். அப்படி வேண்டாம். சாப்பாட்டின் நடுவிலோ கடைசி வாய்க்குப் பின்னாலோ போடுங்கள். ஒரு டம்ளர் காபியும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. புரட்டாசிச் சனிக்கிழமை, சஷ்டி, நோன்பு என்று விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பக் கூடாது. கூட்டு மாத்திரையில் கிளிமெபிரைடு இருந்தால் சாப்பாட்டுக்குச் சற்று முன் போடச் சொல்லியிருப்பார்கள். அப்போது நீங்களாக நேரத்தை மாற்றாமல், "குமட்டுகிறது, இரண்டையும் தனித்தனி மாத்திரையாகத் தர முடியுமா" என்று கேளுங்கள்.

இரண்டு, மெதுவாக ஏற்றுவது. 500 மி.கி. ஒரு வேளை என்று தொடங்கி, வாரத்துக்கு 500 என்ற கணக்கில் மெல்ல ஏற்றுவதுதான் வழக்கமான முறை. எடுத்த எடுப்பில் 1000, காலை ராத்திரி என்று ஆரம்பித்தால் வயிறு சண்டை போடும். உங்களுக்கு அப்படி ஆரம்பித்திருந்தால், "குறைவாக ஆரம்பித்து ஏற்றலாமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

மூன்று, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது. மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று இருப்பவை இந்த வகை. சாதா மாத்திரை ஒத்துக்கொள்ளாத நிறையப் பேருக்கு இது ஒத்துக்கொள்கிறது. ஆனால் இதை உடைக்கவோ பொடியாக்கவோ மெல்லவோ கூடாது, உடைத்தால் மெதுவாகக் கரைய வேண்டியது ஒரேயடியாகக் கரைந்து குமட்டல் கூடிவிடும். மாத்திரை பெரிதாக இருக்கிறதென்று வீட்டுப் பெரியவர்களுக்கு உடைத்துக் கொடுப்பது நம் வழக்கம் என்பதால் சொல்கிறேன். மலத்தில் மாத்திரையின் கூடு முழுசாக வெளியே வந்தாலும் பயப்படாதீர்கள், மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வெறும் ஓடுதான் அது.

சிலருக்கு மாத்திரையின் வாடையே ஆகாது. டப்பாவைத் திறந்ததும் வரும் அந்த மீன் வாடை மாதிரியான நெடியில் பாதிக் குமட்டல் வந்துவிடும். தேவையானதை முன்பே எடுத்துக் கிண்ணத்தில் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டுப் போடலாம், அல்லது மேல் பூச்சுள்ள வேறு கம்பெனி மாத்திரை கேட்கலாம்.

இவ்வளவும் செய்து பார்த்தும் முடியவில்லை என்கிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு மருந்து உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

பல வருஷமாக மெட்ஃபார்மின் ஒத்துக்கொண்டு, இப்போது திடீரென்று குமட்ட ஆரம்பித்தால் கதை வேறு. மருந்து புதிதல்ல, உடம்பில்தான் ஏதோ மாறியிருக்கிறது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியேட்டினின், ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) பார்க்க வேண்டும். ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் அளவைப் பற்றி யோசிப்பார்கள், 30-க்குக் கீழே மெட்ஃபார்மின் கூடாது. அப்போதும் போட்டுக்கொண்டிருந்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து உண்டு, அரிதுதான், ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது.

ஊசி, ரைபெல்சஸ் (செமாக்ளுடைடு மாத்திரை) என்றால்

இந்த வகை மருந்து வயிற்றிலிருந்து சாப்பாடு இறங்குவதை மெதுவாக்குகிறது, மூளையில் பசியையும் குமட்டலையும் கவனிக்கும் இடங்களிலும் வேலை செய்கிறது. பசி குறைவதும் குமட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். அதனால்தான் சின்ன அளவில் ஆரம்பிக்கிறார்கள். செமாக்ளுடைடு வார ஊசி 0.25 மி.கி. நாலு வாரம், பிறகு 0.5. டிர்செபடைடு 2.5 மி.கி. நாலு வாரம், பிறகு 5. இந்த முதல் மாத அளவு சர்க்கரையைப் பெரிதாகக் குறைப்பதற்கல்ல, வயிற்றைப் பழக்குவதற்கு. "ஒரு மாசமாச்சு, சுகர் குறையவே இல்லையே" என்று அவசரப்பட்டு ஏற்றிக்கொண்டால் வாந்திதான் மிச்சம். கல்யாணத்துக்குள் எடை குறைய வேண்டும் என்று தானாகவே அளவை ஏற்றுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை.

ஒவ்வொரு தடவை அளவு ஏறும்போதும் குமட்டல் திரும்ப எட்டிப்பார்க்கும், சில வாரத்தில் தணியும். தணியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாமல் அதே அளவில் இன்னும் சில வாரம் இருக்கலாம், அல்லது ஒரு படி இறங்கலாம். டாக்டரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஏற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

ஊசி நாளை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கொஞ்சம் சுமாராக இருக்கும் என்றால், வீட்டில் இருக்கும் நாட்களில் அது வருகிற மாதிரி வெள்ளிக்கிழமை ராத்திரி போடலாம். அப்புறம் சனிக்கிழமை கல்யாண விருந்து என்றால் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வாரம் ஊசி மறந்தால்: செமாக்ளுடைடு என்றால் 5 நாளுக்குள், டிர்செபடைடு என்றால் 4 நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் போடுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டு ஊசி ஒருபோதும் கூடாது. தொடர்ந்து சில வாரம் விட்டுப்போனால் பழைய பெரிய அளவிலேயே திரும்ப ஆரம்பிக்காமல் டாக்டரைக் கேளுங்கள், பழகிய வயிறு அதற்குள் மறந்திருக்கும். ஊசியை நிறுத்திய மறுநாளே குமட்டல் போய்விடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். செமாக்ளுடைடு உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

ரைபெல்சஸ் மாத்திரைக்கு விதி தலைகீழ். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடச் சொன்னேன், இதை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். அரை டம்ளர், அதாவது 120 மி.லி.க்கு மேற்படாத வெறும் தண்ணீர், அதற்குப் பிறகு அரை மணி நேரம் காபி, சாப்பாடு, வேறு மாத்திரை எதுவும் கூடாது. குமட்டுகிறது என்று இதைச் சாப்பாட்டோடு போட்டால் மருந்து உடம்பில் ஏறவே ஏறாது. தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில் போடுபவர்கள் எதை முதலில், எவ்வளவு இடைவெளியில் என்று தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் என்ன மாற்றுவது

இங்கேதான் நம் கையில் நிறைய இருக்கிறது.

ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவைக் குறைத்து, வேளைகளைக் கூட்டுங்கள். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிட்ட பழக்கத்தில், அதே தட்டை அதே அளவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பாதியிலேயே பிரட்டும். குறிப்பாக ஊசி போடுபவர்கள் "போதும்" என்று தோன்றியதும் எழுந்துவிட வேண்டும். "இன்னும் ஒரு கரண்டி, சாதத்தை வீணாக்கலாமா" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஒரு கரண்டிதான் பிரச்சினையே. நாலு இட்லி சாப்பிட்டவர் இரண்டு சாப்பிடலாம், இரண்டு மணி நேரம் கழித்துப் பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டலோ மோரோ எடுத்துக்கொள்ளலாம். மெதுவாக மென்று தின்னுங்கள்.

எண்ணெயும் கொழுப்பும் வயிறு காலியாவதை இன்னும் தாமதப்படுத்தும். ஏற்கெனவே மருந்து மெதுவாக்கி வைத்திருக்கும் வயிற்றில் ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சால்னா இறங்கினால் விடியும் வரை அது அங்கேயேதான் இருக்கும். பிரியாணி, பஜ்ஜி, பூரி, நெய் ஊற்றிய பொங்கல் எல்லாம் முதல் சில வாரம் தள்ளி நிற்கட்டும். அதுவும் அளவு ஏற்றிய வாரத்தில் கட்டாயம். சிறுதானியம் சர்க்கரைக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் குமட்டல் இருக்கும் வாரத்தில் கேப்பைக் களி மாதிரி கனமானவை வயிற்றில் நின்றுவிடும். அந்த வாரம் இட்லி, இடியாப்பம், குழைய வேகவைத்த சாதத்தில் ரசம், பாசிப்பருப்பு போட்ட நீர்த்த கஞ்சி, வேகவைத்த முட்டை என்று போகலாம். மாவுச்சத்து எது என்றாலும் அளவு முக்கியம், கஞ்சி என்பதற்காக இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எழுந்ததும் பிரட்டுகிறது என்பவர்கள் ஒரு கைப்பிடி பொரி மென்றுவிட்டு எழலாம், இனிப்பு ரஸ்க்கைவிட அது மேல்.

தாளிக்கிற நெடி, கருவாடு வறுக்கிற நெடி ஆகாதவர்கள் சமைக்கும்போது அடுப்படிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. சமைப்பவரே நோயாளி என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இரண்டு வாரத்துக்கு வீட்டில் வேறு யாராவது சமைக்க வேண்டும், அவ்வளவுதான். சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாடை குறைவு. தயிர்சாதம், மோர்சாதம் இந்த நேரத்தில் இறங்குவதற்குக் காரணமே அதுதான்.

தண்ணீரைச் சாப்பாட்டின் நடுவே டம்ளர் டம்ளராகக் குடிக்காமல், இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சோடா, கோலா வகைகள் வேண்டாம். விடிந்ததும் வெறும் வயிற்றில் டிகிரி காபி, ஆசை விடாது, ஆனால் இரண்டு வாரம் காலைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளிப் பாருங்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

இஞ்சி உதவுமா? பலருக்கு லேசான குமட்டலுக்கு உதவுகிறது. சின்னத் துண்டு இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர், சர்க்கரை இல்லாமல். இஞ்சி மொரப்பா வேண்டாம், அது முழுக்கச் சர்க்கரை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள் இஞ்சியை மருந்து மாதிரி அதிகமாக எடுக்கக் கூடாது.

மலச்சிக்கலைக் கவனிக்க மறந்துவிடுவார்கள். ஊசி போடுபவர்களுக்கு அது சகஜம், மூன்று நாள் போகவில்லை என்றால் அதுவே குமட்டலாக வரும். தண்ணீர், கீரை, நடை; போதவில்லை என்றால் மலமிளக்கி எது என்று டாக்டரைக் கேளுங்கள்.

குமட்டலுக்கு மாத்திரை வாங்கிப் போடலாமா

மருந்துக் கடையில் "கேஸ் மாத்திரை" என்று கேட்டால் பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூலை நீட்டுவார்கள். மாதக்கணக்கில் அதைத் தினமும் காலையில் போடுகிறவர்களை எல்லாருக்கும் தெரியும். டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியது, வயதானவர்களும் இதய நோயாளிகளும் கவனமாக இருக்க வேண்டிய மருந்து. ஆன்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கூட்டும், இதுவும் இதயத் துடிப்பைத் தொடும். மெட்டோகுளோபிரமைடு நீண்ட நாள் போட்டால் கை கால், முகத்தில் கட்டுப்பாடில்லாத அசைவுகள் வரலாம். டாக்டர் சில நாளுக்கு எழுதிக் கொடுத்தால் போடுங்கள், நீங்களாக வாங்கித் தொடராதீர்கள்.

வாந்தியே வந்துவிட்டால்

முதலில் குளுக்கோமீட்டர். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உங்கள் மாத்திரையில் வோக்ளிபோஸோ அகார்போஸோ இருந்தால் வீட்டுச் சர்க்கரை வேண்டாம், அந்த மருந்து சர்க்கரை உடைவதையே தடுப்பதால் அது வேகமாக ஏறாது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். ஒரு பாக்கெட் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

போட்ட மாத்திரை வாந்தியில் வந்துவிட்டது போலத் தோன்றினாலும் திரும்ப ஒன்று போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாது, கிளிமெபிரைடு இரட்டையாக இறங்கினால் சாப்பாடும் இல்லாமல் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடும்.

பிறகு தண்ணீர்ச்சத்து. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு ஸ்பூன் என்று ஆரம்பியுங்கள், மடமடவென்று குடித்தால் திரும்ப வெளியே வரும். ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை இருக்கிறதே என்று பயப்படுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான், 200 மி.லி. டம்ளரில் மூன்று கிராம்கூட வராது. வாந்தி, பேதி நேரத்தில் அது தேவை. ஆனால் அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்கும் இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் ஆகாது, அவற்றில் சர்க்கரை பல மடங்கு. இந்த சூத்திரத்தில் இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடவே கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பாக்கெட்டில் சூத்திரம் பார்த்து வாங்குங்கள், ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டரில் கரையுங்கள். இளநீர் நல்லதுதான், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது.

வாந்தி, பேதியோடு சாப்பிட முடியாத நாட்களில் எந்த மருந்தை நிறுத்தி வைப்பது என்பதை நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பொதுவாக மெட்ஃபார்மினையும் ஃப்ளோசின்களையும் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். கிளிமெபிரைடு வகையைச் சாப்பிடாதபோது போடுவது ஆபத்து. பிபிக்குப் போடும் சில மாத்திரைகள், நீர் மாத்திரை, வலி மாத்திரை இவையும் உடம்பு வறண்ட நேரத்தில் சிறுநீரகத்தைப் படுத்தும் என்பதால் அந்தப் பட்டியலில் வரும். இன்சுலின் மட்டும் தலைகீழ்: சாப்பிடவில்லை என்பதற்காக நீண்ட நேர இன்சுலினை நீங்களாக நிறுத்தக் கூடாது, அதுவும் டைப் 1 என்றால் கூடவே கூடாது.

வீட்டில் உட்காரக் கூடாத குமட்டல்

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போடுபவருக்கு வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, சொல்ல முடியாத அசதி என்றால் உடனே ஆஸ்பத்திரி. இது ரத்தத்தில் கீட்டோன், அதாவது உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் அமிலம், சேர்வதாக இருக்கலாம். இதிலுள்ள பெரிய சிக்கல், மீட்டரில் 180, 200 என்று காட்டும்போதே கீட்டோன் ஏறியிருக்கலாம். "சுகர் நார்மலாத்தானே இருக்கு" என்று வீட்டிலும் சொல்வார்கள், சில நேரம் கிளினிக்கிலும் சொல்வார்கள். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று பெயரோடு சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊசி போடுபவருக்கு மேல் வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுக்குப் பரவி, குறையாமல் நின்றால் கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சளானால் பித்தப்பை. இரண்டுக்கும் அடுத்த ஊசி கிடையாது, நேராக ஆஸ்பத்திரி.

நெஞ்சு வலி இல்லாத மாரடைப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மரத்திருப்பதால் வலி தெரியாமல் குமட்டல், வியர்வை, மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். "நேத்து சாப்பிட்டது சேரலை, வாயு" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. வழக்கமில்லாத குமட்டல் வியர்வையோடு வந்தால் ஈசிஜி எடுத்துவிட்டுப் பிறகு வாயுவைப் பற்றிப் பேசலாம்.

இவை தவிர, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வருகிறது, ஆள் குழப்பமாகப் பேசுகிறார் என்றாலும் காத்திருக்காதீர்கள்.

டாக்டரிடம் சொல்லும்போது

வெளிநோயாளிப் பிரிவில் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். "வயிறு ஒரு மாதிரியா இருக்கு சார்" என்று ஆரம்பித்தால் கேஸ் மாத்திரையோடு முடிந்துவிடும். இப்படிச் சொல்லுங்கள்: "மெட்ஃபார்மின் 1000 ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துல குமட்டுது, ராத்திரி மாத்திரைக்கு இல்லை. வாரத்துல ரெண்டு மூணு நாள் போடாம விட்டுடறேன்." அந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள். திட்டினால் திட்டட்டும். பிறகு கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: அளவைக் குறைத்து ஏற்றலாமா, எஸ்ஆர் வகை தரலாமா, வேறு மருந்து உண்டா, சாப்பிட முடியாத நாளில் எதை நிறுத்துவது. வீட்டுக்கு வந்து மாத்திரை தரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் வாங்குபவர்கள் அவரிடமும் சொல்லிவையுங்கள், மாத்திரையை வாங்கி வாங்கி டப்பாவில் சேர்த்து வைப்பதைவிட அது உபயோகம். நேரில் போக முடியாத நேரத்தில் தமிழ்நாட்டில் 104 எண்ணில் கூப்பிட்டு மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக மூன்று விஷயம், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷனோ எண்டோஸ்கோபியோ இருந்தால் ஜிஎல்பி-1 ஊசி போடுவதை முன்பே சொல்லுங்கள், ராத்திரி சாப்பிட்டது காலையிலும் வயிற்றில் இருந்து மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். ஃப்ளோசின் மாத்திரைகளையும் சில நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள். மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன் என்றால் மெட்ஃபார்மின் போடுவதைச் சொல்லுங்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்குக் குமட்டல் என்றால் மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள்; டிர்செபடைடு ஆரம்பித்த முதல் நாலு வாரமும், அளவு ஏற்றும் ஒவ்வொரு முறை நாலு வாரமும் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம், அந்த நாட்களில் வேறு பாதுகாப்பும் வேண்டும்.